தீர்ப்பிடாதே என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

திருச்சபைக்குள் சாதி ஏன் என்று கேட்டால் நமக்கு இரண்டு பதில்கள் கிடைக்கின்றன. "இது இந்தியச் சமூகத்தின் பழக்கம், நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்பது ஒன்று. "பிறரைத் தீர்ப்பிட நீங்கள் யார்?" என்பது மற்றொன்று.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கர்களைச் செத்த பிறகும் பிரித்துவைக்க எழுப்பிய சுவர் ஊரறிந்தது. அது பழக்கத்தில் தானாக முளைத்த சுவரா? யாரோ பணம் கொடுத்தார்கள், யாரோ கட்டினார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்மை தீமையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கடவுள் மனிதனுக்குத் தந்தார் என்று மறைக்கல்வியில் சொல்லித்தருகிறீர்கள். சாதி என்றதும் அந்தச் சுதந்திரம் எங்கே போகிறது? திருப்பலியில் மார்பில் தட்டி அறிக்கையிடும்போது, செய்யத் தவறியதையும் பாவக் கணக்கில்தானே சேர்க்கிறீர்கள்?

தீர்ப்பிட வேண்டாம் என்று இயேசு சொன்னது உண்மை. தன் கண்ணில் கிடக்கும் மரக்கட்டையைப் பார்க்காதவரை வெளிவேடக்காரர் என்றதும் அவர்தான், அதே பேச்சில்தான். யாருடைய ஆன்மா நரகத்துக்குப் போகும் என்று நாம் சொல்லவில்லை. செய்த செயலை அநீதி என்கிறோம், அவ்வளவுதான்.

2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில் சாதிப் பாகுபாட்டைப் பெரும் சமூகப் பாவம் என்றது. பாவம் இருந்தால் செய்தவரும் இருப்பார். பாவசங்கீர்த்தனம் செய்தால் பரிகாரமும் செய்தாக வேண்டும்.

தோழர்களே, அடுத்த முறை "தீர்ப்பிடாதே" என்று யாராவது வாயை அடைத்தால், பரிகாரம் எங்கே என்று கேளுங்கள்.