மணிக்கூட்டுச் சங்கிலிக்கு மீண்டும் மினுக்கம்

வாப்பா வருஷக்கணக்கில் கட்டிய மணிக்கூடு பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கிறது. ஓட்டத்தில் குறையில்லை. சங்கிலி கீறி மங்கிப்போனதால் மகன் கட்ட மறுக்கிறான். வீட்டிலேயே இதைச் சரிசெய்யலாம், சகோதரிகளே. ஆனால் தேய்க்குமுன் அது என்ன உலோகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பொருள் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பொன்னிறச் சங்கிலியும் கறுப்புச் சங்கிலியும் அநேகமாகப் பூச்சுப் பூசியவை. அந்தப் பூச்சின் கனம் சில மைக்ரோன்தான். ஒரு மில்லிமீற்றரில் 1000இல் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோன்! தேய்த்தால் பூச்சுப் போய்விடும், திரும்ப வராது. அடியில் நிக்கல் இருந்தால் அது தோலில் பட்டுச் சிலருக்கு மணிக்கட்டில் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். மலிவான தோடு போட்டுக் காது புண்ணானவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. ஆகவே பூச்சுச் சங்கிலியைக் கழுவித் துடைப்பதோடு விட்டுவிடுங்கள். வெள்ளை நிறமாக இருந்து, பூட்டின் உட்புறத்தில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று பொறித்திருந்தால் தைரியமாகத் தொடங்கலாம்.

முதலில் மணிக்கூட்டுக்காரரிடம் கொடுத்துச் சங்கிலியைத் தனியே கழற்றிக்கொள்ளுங்கள். இளஞ்சூடான சவர்க்கார நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் கண்ணிகளின் இடுக்குகளைத் தேயுங்கள். வெளிவரும் கறுப்பு அழுக்கைப் பார்த்தால் நீங்களே முகம் சுளிப்பீர்கள். வியர்வையும் தூசும் சேர்ந்த அந்தப் பசைதான் உள்ளே இருக்கும் ஆணிகளை அரித்துச் சங்கிலியைத் தளரச் செய்கிறது. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். அது உருக்கிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழுத்தும். சில சங்கிலிகளுக்கு இந்தக் கழுவலே போதும்.

இனிக் கீறல்கள். உற்றுப் பார்த்தால் சில கண்ணிகளில் நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரியும், சில கண்ணாடிபோல் மின்னும். மின்னும் கண்ணிகளை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, சங்கிலியைப் பலகையில் நேராகப் படுத்தி ஒட்டுங்கள். பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துண்டைப் புதிதாக ஒன்று எடுத்து, கோடு போகும் திசையிலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரே சீராக இழுங்கள். பிறகு துண்டைத் தூக்கி மறுபடி தொடக்கத்திலிருந்து இழுங்கள். முன்னும் பின்னுமாகவோ வட்டமாகவோ தேய்த்தால் அலங்கோலமாகிவிடும். பத்துப் பதினைந்து இழுவைகளில் பலன் தெரியும். கீறல் சற்று ஆழமென்றால் 600 இலக்க அரத்தாளை முதலில் பாவியுங்கள். பழைய சங்கிலிகள் பலவற்றின் கண்ணிகள் மடித்த தகட்டால் ஆனவை, உள்ளே வெறுமை. அவற்றை அழுத்தக் கூடாது.

நாடாவை எடுத்துவிட்டு, மின்னும் கண்ணிகளைப் பெனியன் துணியில் துளி பிராஸோ தொட்டு மெதுவாகத் துடையுங்கள். கைபடாமல் கோடுள்ள பகுதியை இப்போது நாடாவால் மூடிக்கொள்வது நல்லது. முடிந்ததும் மறுபடி கழுவி நன்றாக உலர்த்துங்கள். தேய்த்த தூள் இடுக்கில் தங்கிவிடக் கூடாது.

ஆழமான வெட்டுக்களை முற்றாக அழிக்க முயல வேண்டாம். கண்ணியின் விளிம்பு மழுங்கி, சங்கிலியின் வடிவமே போய்விடும். பூட்டில் வாப்பாவின் பெயரோ திகதியோ பொறித்திருந்தால் அந்த இடத்தைத் தொடவே தொடாதீர்கள்.