என்ஜின் புதிது, குளிர்ச்சி எங்கே?

பெருந்தொகை செலவழித்துக் காரின் என்ஜினை மாற்றிவிட்டீர்கள். கோடை வெயிலில் கைக்குழந்தையோடும் முதியோரோடும் ஊருக்குப் புறப்படுகிறீர்கள். வண்டி நன்றாக ஓடுகிறது, ஏ.சி. மட்டும் குளிரவில்லை. "கேஸ் தீர்ந்துவிட்டது; நிரப்பினால் சரியாகிவிடும்" என்பார்கள். அதைக் கேட்டு உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வாயு பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருப்பின், எங்கோ கசிகிறது என்றே பொருள்.

முதலில் செலவில்லாதவற்றைக் கவனியுங்கள். ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸரின் கிளட்ச் 'டக்' என்று பிடிக்கிறதா? இல்லையேல், அதன் ஒயர் மீண்டும் செருகப்படாமல் விடுபட்டிருக்கலாம். வாயு மிகக் குறைந்திருந்தாலும் பிரஷர் சுவிட்ச் அதனைப் பிடிக்க விடாது. கிளட்ச் பிடித்தும் குளிரவில்லையெனில், பெல்ட் தளர்ந்து வழுக்குகிறதா என்று பாருங்கள்.

என்ஜினை இறக்குகையில் ஏ.சி. குழாய்களைக் கழற்றியிருந்தால், ஈரக்காற்று உள்ளே புகுந்திருக்கும். அவ்வீரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து வழியடைக்கும். நாளடைவில் அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். ஆகவே, ஓ-ரிங்குகளையும் டிரையரையும் புதிதாக மாற்றி, வாக்குவம் பம்பினால் 30 நிமிடங்களேனும் உறிஞ்சி, கசிவில்லையென உறுதி செய்த பின்னரே, அந்தக் காருக்குரிய அளவை எடைபோட்டு வாயுவை நிரப்ப வேண்டும்.

இனிமேல் என்ஜின் மாற்றவிருப்போருக்கு ஒரு சொல்: பல கார்களில் குழாய்களைக் கழற்றாமலே, கம்ப்ரஸரை மட்டும் அவிழ்த்து ஓரமாகக் கட்டி வைத்து என்ஜினை இறக்கிவிட இயலும். வண்டியை ஒப்படைக்கும்போதே இதனை மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கத் தயங்கியதற்கு இரண்டாவது செலவு செய்ய வேண்டாமல்லவா?