முருங்கையா, அகத்தியா?

முருங்கையை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். முருங்கையை உண்டு வாழ்ந்தவன் முதுமையிலும் கோலூன்றாமல் கைவீசி நடப்பான் என்பது அதன் பொருள். ஆனால், முருங்கைக் கன்றுகளை வாங்கி நட்டதனாலேயே ஒரு சங்கம் வேறு பொருளில் வெறுங்கையோடு நின்றதை நாம் நேரில் கண்டோம். அந்த அனுபவமே இவ்விஷயத்தை நம் அங்கத்தினர்கள் முன் வைக்கத் தூண்டியது.

ஆற்றுப் பாசனத்தை ஒட்டிய ஊரொன்றில் உள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் அது. அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டுப் புழக்கடைக்கும் இரண்டு முருங்கைக் கன்றுகள் வழங்குவதென நிர்வாகக் குழு தீர்மானித்தது. தணிக்கைக்குச் சென்ற நாம் தீர்மானத்தைப் பார்த்தோம், ரசீதைப் பார்த்தோம், கன்று பெற்றோர் கையொப்பமிட்ட பதிவேட்டையும் பார்த்தோம். யாவும் ஒழுங்காக இருந்தன. நாமும் கையொப்பமிட்டுத் திரும்பினோம். மறு வருஷம் அதே தலைப்பில் மீண்டும் செலவு எழுதப்பட்டிருந்தது. காரணம் வினவியபோது, ‘மழையில் போய்விட்டன’ என்றார் காரியதரிசி.

அன்று கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தெருவிற்குள் நடந்தோம். வீடுகளின் பின்புறம் முழுவதும் களிமண். ஒருபுறம் வாய்க்காலின் கசிவு. மறுபுறம் பாவுக்குக் கஞ்சியிட்ட பின் கழுவி ஊற்றும் நீர். மண் உலர வழியே இல்லை. கன்றுகள் வேரழுகி மாண்டிருந்தன. ஒரே ஒரு வீட்டின் கொல்லையில் மட்டும் அகத்தி ஒன்று செழித்து நின்றது. கொடிக்காலில் வேலை செய்யும் உறவினரிடம் விதை வாங்கி ஊன்றியதாக அவ்வீட்டு அம்மையார் கூறினார். “இந்த மண்ணுக்கு அகத்திதான் ஐயா வரும். எங்களைக் கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்போமே” என்றார். அவ்வார்த்தைக்கு நம்மிடம் விடை இல்லை. அவர்களைக் கேட்கவில்லை என்பது பதிவேட்டில் எங்கும் எழுதப்படாத குறை. அதை நாமும் தேடவில்லை.

முருங்கையும் அகத்தியும் புழக்கடைக்கு உரியவை; இரண்டும் கீரை தருபவை; இரண்டும் விரைந்து வளர்பவை. ஆகவே ஒன்றுக்கு மற்றொன்று மாற்று என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் இவற்றின் இயல்பு பெரிதும் வேறுபட்டது.

முருங்கைக்கு வேண்டியது வடிகால். மணல் கலந்த செம்மண்ணோ வண்டலோ எதுவாயினும், பெய்த நீர் நிற்காமல் இறங்க வேண்டும். வறட்சியை அது தாங்கும். தேங்கிய நீரைத் தாங்காது. நெடுங்காலம் நிற்கும் நாட்டு முருங்கையைப் போத்து நட்டு வளர்ப்பது வழக்கம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ஆம் வருஷம் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை விதையினால் வளர்வது. இரண்டரை மீட்டர் இடைவெளியில், 45 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழிகளில் விதையை ஊன்ற வேண்டும். செடி 75 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகும். ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். ஒரு வருஷ மகசூல் முடிந்தபின் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்த்துக் காய்க்கும்.

அகத்தியோ ஈரத்திற்கு அஞ்சாதது. களிமண்ணிலும் வளரும், சில நாள் நீர் நின்றாலும் பொறுத்துக்கொள்ளும். அது அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாதலால், வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பற்றி மண்ணுக்கு உரமாக்குகின்றன. ஆனால் அதற்கும் குறைகள் உண்டு. பலத்த காற்றில் முறியும். நீண்ட ஆயுள் உடையதன்று. முருங்கையைப் போல் அடியோடு வெட்டித் துளிர்க்க விடலாம் என்று எண்ணி எல்லாத் தழையையும் ஒருசேர ஒடித்துவிட்டால் மரம் பட்டுப்போகும். பக்கக் கிளைகளை மட்டும் ஒடித்து, தலைப்பகுதியில் தழையை விட்டு வைப்பதே முறை.

இவ்வேற்றுமையைக் காண விரும்புவோர் கரூர் மாவட்டத்தைப் பார்த்தாலே போதும். அரவக்குறிச்சிப் பக்கத்து வறண்ட நிலங்களில் முருங்கை தோட்டம் தோட்டமாக நிற்கிறது. அதே மாவட்டத்தில் காவிரிக் கரையை ஒட்டிய புகளூர்ப் பகுதியின் வெற்றிலைக் கொடிக்கால்களிலோ அகத்தியே கொடியைத் தாங்கி நிற்கிறது. எந்த நிர்வாகக் குழுவும் தீர்மானம் போட்டு இப்படிப் பிரித்ததில்லை. மண்ணும் நீரும் பிரித்தன. உழவர் அதனை அறிந்து ஒழுகினர்.

இனி உபயோகத்தைப் பார்ப்போம். முருங்கையில் காய், கீரை, பூ மூன்றும் அடுப்பேறும். அகத்தியில் கீரையும் பூவும் உணவாகும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. அதே அளவு அகத்திக்கீரையில் 1130 மில்லிகிராம் உண்டு. எனினும் அகத்தி கைப்புடையது. மருந்துண்போர் அதனை விலக்குவதும் நம் நாட்டு வழக்கம். நாள்தோறும் குழந்தைகள் விரும்பி உண்பதற்கு முருங்கையே ஏற்றது. ஆடு வளர்க்கும் வீட்டிற்கோ அகத்திக்கு ஈடு இல்லை. ஆனால் கோழிகளுக்கு அத்தழை ஆகாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வருமானத்திலும் இரண்டின் போக்கு வேறு. முருங்கைக்காய் பருவத்தில் எல்லார் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் காய்த்து விலை சரியும். காய் அரிதாகும் குளிர் மாதங்களில் விலை ஏறும். தனியே விற்பவன் இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடுவான். சங்கத்தின் மூலம் சேர்ந்து விற்றால் தாங்கலாம். அகத்திக்கீரைக்கு ஒரு கட்டின் விலை சிறிதே. ஆயினும் துவாதசியன்று வீடுகளிலும் அமாவாசையன்று பசுவிற்கும் அது வேண்டப்படுகிறது. நாட்காட்டியைப் பார்த்தே முன்கூட்டித் திட்டமிடக்கூடிய சந்தை அது.

நெசவாளர் இல்லத்திற்கெனச் சில எச்சரிக்கைகளும் உண்டு. மழைக்காலத்தில் முருங்கையின் அடிமரத்தில் கம்பளிப்புழுக்கள் கூட்டமாக மொய்க்கும். அம்மரத்தடியில் நூலை உலர்த்துவதோ பாவு நீட்டுவதோ கூடாது. தீப்பந்தம் காட்டிப் புழுவை அழிக்கும் பழைய முறை கூரை வீட்டருகே ஆபத்தானது. எந்த மரமாயினும் தறிக்கு வெளிச்சம் தரும் சாளரத்தை மறைக்குமாறு நடலாகாது. கஞ்சி கழுவிய நீரை அகத்தி ஏற்கும் என்பதனால் சாயத் தொட்டி நீரையும் அதற்கு ஊற்றலாம் என்று எவரும் கருத வேண்டாம். சாயக் கழிவு உண்ணும் செடி எதன் அடியிலும் சேரக் கூடாது.

‘எல்லோருக்கும் ஒரே கன்று என்றால் விலை மலிவு, கணக்கும் எளிது, ஒருவருக்கு முருங்கை, ஒருவருக்கு அகத்தி என்றால் பாரபட்சம் என்பார்கள்’ என்று சில நிர்வாகிகள் நம்மிடம் கூறியதுண்டு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கத்தில் பொறாமை புகுந்தால் அது வேரழுகலைவிடக் கொடியது. ஆனால் சமத்துவம் என்பது எல்லார் கையிலும் ஒரே கன்றை வைப்பதா, எல்லார் வீட்டிலும் ஒரு மரம் பிழைத்து நிற்கச் செய்வதா? பட்டுப்போன கன்றுக்கு இருமுறை பணம் கொடுத்த சங்கத்திற்கு அம்மலிவு மலிவாக முடியவில்லையே!

ஆகவே நாம் கூறும் யோசனை எளியது. கன்று வாங்கத் தீர்மானிக்கும் முன், விரும்பும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் கொல்லையில் 45 சென்டிமீட்டர் ஆழத்திற்கு ஒரு குழி வெட்டட்டும். மாலையில் அதனை நீரால் நிரப்பி விடிந்ததும் பார்க்கட்டும். நீர் முற்றும் இறங்கியிருந்தால் முருங்கை. தேங்கி நின்றால் அகத்தி. தேங்கும் மண்ணிலும் முருங்கையே வேண்டும் என்பவர் மண்ணை மேடாக்கி அதன்மேல் நடட்டும். அவ்வுழைப்பை ஏற்க ஆயத்தமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வெட்டிய குழியும் வீணாகாது. கன்று அதிலேயே இறங்கும்.

பதிவேட்டிலும் இரண்டு கட்டங்கள் கூடுதலாக வேண்டும். ஒன்று, ‘நீர் இறங்கியதா?’ என்பது. மற்றொன்று, ‘ஒரு வருஷத்திற்குப் பின் மரம் உள்ளதா?’ என்பது. இரண்டாவது கட்டம் நிரப்பப்படாமல் மறுமுறை கன்றுச் செலவு எழுதப்படுமானால், தணிக்கைக்கு வருவோர் அதனை ஆட்சேபிக்க வேண்டும். நாம் முதல் வருஷம் செய்யத் தவறியது அதுவே.

கூட்டுறவு என்பது எல்லோரையும் ஓர் அச்சில் வார்ப்பதன்று. அவரவர் நிலையறிந்து துணை நிற்பது. பாவுக்கு ஏற்ற ஊடை தேர்ந்து நெய்பவர் நம் நெசவாளர்; பருவமறிந்து விதைப்பவர் நம் உழவர். அவர்களுடைய அந்த அறிவைச் சங்கத்தின் தீர்மானப் புத்தகமும் கேட்டுப் பெறுமாக. அடுத்த மழைக்கு முன் குழிகள் வெட்டப்படட்டும். எந்தக் கன்று என்பதை அக்குழிகளே சொல்லும்.