செய்முறை எங்கே?

தங்களுக்கு வேண்டிய புரோகிராம்கள், எழுத்துரு, விசைப்பலகை, திரையின் நிறம் முதலிய யாவற்றையும் முன்கூட்டியே அமைத்து, லினக்ஸை ஒரு லைவ் இமேஜாகச் செய்து பென் டிரைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் நம் தோழர்கள் சிலரிடம் உண்டு. எந்த மெஷினில் சொருகினாலும் சொந்த வீட்டிற்குள் நுழைவது போல் நுழைந்துவிடலாம். இதை நாம் மனமார வரவேற்கிறோம். கொடுத்தவன் வைத்தபடியேதான் இருந்தாக வேண்டும் என்று எண்ணியிருந்தவர்கள், "ஏன் மாற்றக் கூடாது?" என்று கேட்கத் துணிந்தது நல்ல காரியமேயாகும்.

இது புதிய வித்தையுமல்ல. ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் நாப்பர் என்பவர், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஒரு சி.டி.யிலிருந்தே ஓடும் 'நாப்பிக்ஸ்' என்பதை 2000-த்திலேயே வெளியிட்டார். அதைப் பிரித்துத் தங்கள் இஷ்டப்படி மாற்றிக் கட்டியவர்கள் அநேகர்.

நிற்க. நமது சண்டையெல்லாம் இந்த இமேஜைச் செய்யும் விதத்தைப் பற்றியதே. பலர் செய்வதென்ன? ஓடுகிற கம்ப்யூட்டரை ஆறு மாதம் அங்குமிங்கும் திருகிவிட்டு, அதை அப்படியே படமெடுத்தாற்போல் இமேஜாக்கி, "அருமையாக இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பிறருக்கும் வழங்குகிறார்கள். உள்ளே எதை எதை மாற்றினீர் என்று கேட்டால் அவர்களுக்கே ஞாபகமில்லை. மேலும் கேட்டால், "என்மேல் நம்பிக்கையில்லையா?" என்று முகம் சிவக்கிறார்கள். ஐயா, நம்பிக்கைக்கு இங்கு என்ன வேலை? சிலர் ஒரு நீண்ட சரிபார்ப்பு எண்ணைக் காட்டுகிறார்கள். அது கோப்பு வழியில் கெடாமல் வந்து சேர்ந்தது என்பதற்குச் சாட்சியே தவிர, உள்ளே இருப்பது யோக்கியமானது என்பதற்கு ஒருநாளும் சாட்சியாகாது.

நமக்கு ஒரு சிநேகிதர் அப்படி ஒரு இமேஜ் கொடுத்தார். அதிலுள்ள ஸ்குவாஷ்எப்எஸ் கோப்பைப் பிரித்துப் பார்த்தோம். அவருடைய பிரவுசர் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளும், வேறு கம்ப்யூட்டருக்குள் நுழையும் இரகசியச் சாவியும் அப்படியே கிடந்தன! அழகான திரையை எல்லோருக்கும் கொடுக்கப் போய், வீட்டுச் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். அந்தக் கோப்பு சுருக்கப்பட்டதே ஒழியப் பூட்டப்பட்டதல்ல. அதைப் பிரிக்க யாருக்கும் ஒரே கட்டளை போதும்.

பின் எப்படிச் செய்வதென்றால், டெபியனில் 'லைவ்-பில்ட்' என்றொரு கருவி இருக்கிறது. ஒரு அடைவில், வேண்டிய பேக்கேஜ்களின் பெயர்களைச் சாதாரண எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். நம் சொந்த அமைப்புக் கோப்புகளை 'ஸ்கெல்' என்னும் அடைவுக்குள் போட்டால், லைவ் இமேஜ் துவங்கும்போது உண்டாக்கப்படும் பயனருக்கு அவை தாமாகவே போய்ச் சேரும். அப்புறம் 'எல்பி கான்பிக்', 'எல்பி பில்ட்' என்ற இரண்டு கட்டளைகள்தான். இமேஜ் ஜிகாபைட் கணக்கில் பெருத்திருந்தாலும் செய்முறை சில பக்கங்களுக்குள் அடங்கும், எவரும் படித்து, "இது எதற்கு?" என்று கேட்கலாம். பாஸ்வேர்டு போன்றவற்றை இமேஜில் வைக்காமல், பென் டிரைவிலேயே பூட்டிய தனிப் பகுதியில் வைத்துக்கொள்ளவும் வசதியிருக்கிறது.

"இதற்கெல்லாம் நேரமேது?" என்பார்கள். செய்முறையில்லாத இமேஜ், செய்த அன்றிருந்த ஓட்டைகளோடேயே நின்றுவிடுகிறது. திரும்பச் செய்ய, செய்தவருக்கே துணிவிருக்காது. செய்முறை வைத்திருந்தவரோ, 2023-இல் டெபியன் 12-க்கு எழுதியதை 2025-இல் 13 வந்ததும் பெயரை மாற்றி, மறைந்துபோன பேக்கேஜ்களை நீக்கி, மறுபடியும் கட்டிக்கொண்டார். யாருடைய நேரம் மிச்சம்?

நம் சிநேகிதர் இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பாஸ்வேர்டுகளையெல்லாம் மாற்றிவிட்டு, செய்முறை எழுத உட்கார்ந்தார். தாம் திருகியவற்றில் பாதி எதற்கென்று அவருக்கே விளங்கவில்லையாம், அவற்றை விட்டுவிட்டார். புதிய இமேஜ் பழையதைவிடச் சிறிதாகவே இருக்கிறது.