தடுப்பையும் சேர்த்துப் புதுப்பியுங்கள்!

பழைய ரயில் பெட்டியைப் புதுப்பிக்க நிதி கேட்பவர்கள் எதைக் காட்டிக் கேட்கிறார்கள்? மெருகேற்றிய மரச்சுவர், பித்தளைக் கைப்பிடி, மெத்தை இருக்கை. "அந்தக் காலத்துப் பயணமே தனி சுகம்" என்கிறார்கள். யாருக்குச் சுகம்? அந்த மெத்தையில் உட்கார யாருக்கு அனுமதி இருந்தது? நிதி கொடுப்பதற்கு முன் இதைக் கேட்க வேண்டும்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் ஒரு பெட்டி இருக்கிறது. சதர்ன் ரயில்வே நிறுவனத்தின் 1200-ஆம் எண் பெட்டி. 1940-இல் நிறவெறிச் சட்டத்துக்கு ஏற்ப நடுவில் தடுப்பு வைத்து மாற்றியமைக்கப்பட்டது. வெள்ளையர் பக்கம் விசாலமான கழிப்பறை. கறுப்பின மக்கள் பக்கம் குறுகலான ஒன்று. வெள்ளையருக்குச் சாமான் வைக்க மேல்தட்டு. கறுப்பினத்தவருக்கு அதுவும் கிடையாது. மூட்டையைக் காலடியில் திணித்துக்கொண்டு மைல் கணக்கில் போக வேண்டும். கென்டக்கியில் அதைப் புதுப்பித்தவர்கள் அந்தத் தடுப்பை எடுத்துவிடவில்லை. அப்படியே வைத்தார்கள். அதுதான் நேர்மையான புதுப்பித்தல்.

இந்தத் தடுப்பை உடைக்கவும் ஒரு காலத்தில் நிதி திரட்டப்பட்டது. லூசியானா மாநிலம் 1890-இல் தனிப்பெட்டிச் சட்டம் கொண்டுவந்தபோது, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்கள் குழு அமைத்து, நன்கொடை வசூலித்து, வழக்குக்குத் தயாரானார்கள். 1892 ஜூன் 7 அன்று ஹோமர் பிளெஸ்ஸி என்ற செருப்புத் தொழிலாளி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். கைதானார். 1896-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற பித்தலாட்டம் அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டமாக நின்றது. அந்தத் தீர்ப்பின் வாரிசுதான் 1200-ஆம் எண் பெட்டி. மேல்தட்டு இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்தால் 'சமம்' எவ்வளவு பெரிய பொய் என்று தெரியும்.

"இன்றைக்குப் பிரச்சினைகள் ஆயிரம் இருக்க, துருப்பிடித்த இரும்புக்கு ஏன் பணம்?" என்று நம் தோழர்களே கேட்கலாம். சாட்சியை அழிப்பது ஒடுக்குபவனுக்கு எப்போதும் லாபம் என்பதால்தான்! அந்த அருங்காட்சியகம் எழுந்த செலவில் பாதி அரசு நிதி, மீதி நன்கொடை. பெரும் பணக்காரர்களோடு கறுப்பினத் திருச்சபைகளும் எளிய மக்களும் கொடுத்தார்கள். அப்படி உருவானதையே, 2025 மார்ச்சில் டிரம்ப் பிறப்பித்த ஆணை பெயர் சொல்லிக் குற்றம்சாட்டியது. 'பிரிவினை பேசுகிறார்கள்' என்ற புகார் நமக்கும் பழக்கமானதுதானே! பிரித்தவன் தேசபக்தன், பிரித்ததைச் சொன்னவன் பிரிவினைவாதி.

ஆனால் அந்தப் பெட்டியை எளிதில் அகற்ற முடியாது. 2013-இல் கிரேன் வைத்து அதைக் குழிக்குள் இறக்கி, பிறகுதான் அதைச் சுற்றிக் கட்டடத்தை எழுப்பினார்கள். வெளியே எடுக்க வேண்டுமானால் கட்டடத்தை இடிக்க வேண்டும்.

நம் கணக்குக்கு வருவோம். தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவர்களுக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் அவரது இயக்கமும் தொடர்ந்து போராடி, 1941-இல்தான் அது ஒழிந்தது. நீராவி எஞ்சினுக்கு வண்ணம் பூசி, குழந்தைகளை ஏற்றிப் படம் எடுக்கும் நமது ரயில் பாரம்பரியத்தில் அந்தப் பலகைக்கு இடம் உண்டா?

பாரம்பரியத்துக்கு என்று யாராவது நிதி கேட்டு வந்தால் விரட்ட வேண்டாம். தடுப்பு எங்கே இருந்தது, எந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள், அதை உடைத்தது யார்? இந்த மூன்றையும் பெட்டியிலேயே எழுதி வைப்பார்களா என்று கேளுங்கள். வைப்பார்கள் என்றால் முதல் நூறு ரூபாய் நம்முடையதாக இருக்கட்டும். மாட்டார்கள் என்றால், அவர்கள் மெருகேற்றுவது மரத்தை அல்ல, ஆதிக்கத்தை. அதற்கு நம் காசு ஒன்றும் கிடையாது.