பிரசவக் கணக்கு மட்டுமல்ல

பேட்டி செஷன்ஸ் (Patty Sessions) என்ற பெண்ணின் நாட்குறிப்பு வெறும் பிரசவக் கணக்கு, அதில் மனசு இல்லை என்கிறீர்கள். ஒத்துக்கொள்ள முடியாது.

1846 பிப்ரவரியில், 51 வயதில், அமெரிக்காவின் நாவூ நகரைவிட்டு மார்மன் மதத்தினரோடு மேற்கே கிளம்பிய மருத்துவச்சி அவர். மழையிலும் சேற்றிலும் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வந்து, யாருக்கு என்ன குழந்தை என்று குறித்துவைத்தார். அந்த வரிகளின் சுருக்கத்தில் எனக்குத் தெரிவது களைப்புதான், வறட்சி அல்ல.

அதே பக்கங்களில்தானே, கணவர் டேவிட் மணந்த இன்னொரு மனைவி ரோசில்லாவால் பட்ட வேதனையும் அழுகையும் இருக்கின்றன? பலதார மணத்தை விசுவாசத்தோடு ஏற்றவர், அதன் வலியை மறைக்கவில்லை. அதை எப்படித் தாண்டிப் போனீர்கள்?

1847 செப்டம்பரில், தானே மாட்டுவண்டி ஓட்டி, சால்ட் லேக் பள்ளத்தாக்குக்கு வந்துசேர்ந்தார். சில நாட்களிலேயே அடுத்த பிரசவத்துக்குக் கிளம்பிவிட்டார்.