பாட்டுக் கேட்கப் புறப்படும் கலைமகள்

மகாளய அமாவாசை நெருங்கும் நாட்களில் குமரி மாவட்டத்தின் மூன்று தெய்வத் திருமேனிகள் நெடும்பயணத்துக்கு ஆயத்தமாகின்றன. சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை ஒரு நாள் முன்னதாகவே பல்லக்கில் புறப்பட்டுவிடுகிறாள். வேளிமலைக் குமாரசுவாமி குமாரகோவிலிலிருந்து வந்து சேர்கிறார். தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதியோடு மூவரும் கூடியதும், அரச வம்சத்தின் உடைவாள் முறைப்படி எடுத்துக் கொடுக்கப்பட்டு, அது முன்செல்ல ஊர்வலம் நகர்கிறது. திருவனந்தபுரத்தில் ஆண்டுதோறும் நடைபெறும் நவராத்திரி இசை விழாவுக்கு இதுவே தொடக்கம்.

இந்தச் சரஸ்வதி திருமேனி கம்பர் வழிபட்டது என்றும், பின்னர் சேர மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்தில் விழா அங்கேயே, கல்லால் அமைந்த நவராத்திரி மண்டபத்தில் நடைபெற்றது. தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகு, விழாவும் சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அங்கே சென்றது. தேவி மட்டும் தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை போய், பாட்டுக் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோதும் இந்தப் போக்குவரத்து நிற்கவில்லை. களியக்காவிளை எல்லையில் இரு மாநில அதிகாரிகளும் காவலர்களும் நின்று, ஒரு பக்கம் வழியனுப்ப, மறுபக்கம் வரவேற்கிறார்கள். எல்லை பிரித்தவர்கள் இதைப் பிரிக்காமல் விட்டது பெரும் புண்ணியம்.

குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் இரவு தங்கி, மூன்றாம் நாள் நகரை அடைகிறார்கள். குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோயிலிலும், நங்கை செந்திட்டை தேவி கோயிலிலும் எழுந்தருள, சரஸ்வதி பத்மநாபசுவாமி கோயிலை அடுத்த கோட்டை நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்கிறாள்.

ஒன்பது மாலைகள், ஒன்பது கச்சேரிகள். சுவாதித் திருநாள் (1813–1846) இந்த ஒன்பது நாட்களுக்கென்றே இயற்றிய கிருதிகளே அந்தந்த நாளின் முதன்மைப் பாடல்கள். முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி, நிறைவாக ஆரபி. வித்வான் தம் விருப்பத்துக்கு இவற்றை மாற்றிக்கொள்ள முடியாது. தானம் பாடும்போது மிருதங்கமும் சேர்ந்து ஒலிப்பது இம்மண்டபத்துக்கே உரிய வழக்கம். பிற சபாக்களில் அதைக் கேட்பது அரிது. மாலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடிந்துவிடும். யாருக்காகவும் நேரம் தள்ளிப்போவதில்லை.

கைதட்டல் கிடையாது. இது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். பாடுபவர் சபையை நோக்கிப் பாடவில்லை, தேவியின் சந்நிதியில் பாடுகிறார். கேட்பவர்களும் வழிபாட்டுக்கு வந்தவர்களே. பூஜை முடிந்ததும் யாரும் அர்ச்சகருக்குக் கைதட்டுவதில்லையே! தனி ஆவர்த்தனம் முடிந்ததும் மண்டபத்தில் நிலவும் அமைதியில், அடுத்த பாட்டுக்குத் தம்பூரா சேரும் ஒலி தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் இதே சந்நிதியில் மற்றொரு கட்டுப்பாடும் நெடுங்காலம் இருந்தது. வீணை ஏந்திய பெண் தெய்வத்தின் முன் பெண்கள் பாடக் கூடாது. பத்மநாபபுரத்துப் பழைய மண்டபத்தில், அரச குடும்பத்துப் பெண்கள் துளையிட்ட மரத்தடுப்பின் பின்னால் இருந்தே நிகழ்ச்சிகளைக் கண்டார்கள். தடுப்பு ஊரோடு நின்றது, வழக்கம் தலைநகரோடு கூடவே போனது. 2006-இல் அது மாறியது. அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ராமவர்மா எடுத்த முயற்சியால், பாறசாலை பொன்னம்மாள் அந்த மேடையில் அமர்ந்தார். அப்போது அவர் எண்பது வயதைக் கடந்திருந்தார். சுவாதித் திருநாள் பெயரிலேயே அமைந்த இசைக் கல்லூரியில் சேர்ந்த முதல் மாணவி அவர். பின்னாளில் அங்கேயே முதல் ஆசிரியை. மகாராஜாவின் கிருதிகளை எத்தனையோ மாணவர்களுக்குக் கற்பித்தவர், அவை பாடப்பட வேண்டிய இடத்தில் பாடுவதற்கு அத்தனை காலம் காத்திருக்க நேர்ந்தது. அவர் பிறந்த பாறசாலை, களியக்காவிளையைக் கடந்ததும் வருகிற ஊர். சரஸ்வதி ஆண்டுதோறும் அந்த வழியாகத்தான் போய் வருகிறாள்.

வழக்கம் குலைந்துவிடும் என்று கலங்கியவர்கள் இருந்திருக்கலாம். ராகங்களின் வரிசை குலையவில்லை, எட்டரை மணி தவறவில்லை, கைதட்டலும் நுழையவில்லை. கூடியது ஒரு குரல் மட்டுமே. அதன் பின் வேறு பெண்களும் அங்கே பாடினார்கள். பொன்னம்மாளுக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2021 ஜூனில், 96-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

காணச் செல்லும் அன்பர்கள் ஆறு மணிக்கு முன்பே சென்றுவிடுவது நலம். ஆண்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் புடவை ஏற்றது. அவ்வளவு தூரம் செல்ல இயலாத முதியோர், ஊர்வலத்தைத் தக்கலையிலோ குழித்துறையிலோ சாலையோரம் நின்றே தரிசிக்கலாம். வழிநெடுக வீட்டு வாசல்களில் கோலமிட்டு, விளக்கேற்றி, தட்டத்தில் பூவும் பழமும் வைத்துக் காத்திருப்போர் பலர்.

விஜயதசமி அன்று குமாரசுவாமி வெள்ளிக் குதிரையில் பூஜைப்புரை மண்டபத்துக்கு எழுந்தருளித் திரும்புகிறார். அதன் பின் ஒரு நாள் ஓய்வு. பிறகு மூவரும் வந்த வழியே தெற்கு நோக்கிப் புறப்படுகிறார்கள்.